ஏஏ மீட்டிங்குக்கு முதல் தடவை போகிறவருக்கு

சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் ஒரு மண்டலம் பாட்டில் பக்கமே திரும்பாத ஆட்கள் நம் ஊரில் நிறையப் பேர். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுகிறவர்களும் உண்டு. மாலையைக் கழற்றிய அன்றோ, கயிறு அறுந்த அன்றோ மறுபடி டாஸ்மாக் வரிசையில் நிற்பார்கள். நிறுத்துவது இவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. நிறுத்திய பிறகு திரும்பத் தொடங்காமல் இருப்பதுதான் கைவரவில்லை. ஏஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்குகள் இந்த இரண்டாவது வேலைக்கானவை.

1935-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் இது தொடங்கியது. பங்குச்சந்தைத் தரகர் ஒருவரும் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்தார்கள், இருவருமே மொடாக்குடியர்கள். இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்வரை குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். இன்றும் அதேதான் நடக்கிறது. மருத்துவர், ஆலோசகர் யாரும் நடத்துவதில்லை. குடித்துச் சீரழிந்து மீண்டவர்கள் கூடி உட்கார்ந்து, தங்களுக்கு என்ன நடந்தது என்று பேசுகிறார்கள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது.

நான் உறுப்பினர் இல்லை. வெளியாட்களையும் அனுமதிக்கும் மீட்டிங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்தவன், தெரிந்தவர்கள் சிலருக்குத் துணையாகப் போனவன். அதில் கவனித்த ஒன்று: முகவரி கிடைக்காமல் யாரும் நின்றுபோவதில்லை. முகவரி சட்டைப் பையில் இருக்கும்; அந்த அறையின் வாசல்படியை மிதிக்கத்தான் கால் வராது. அதனால் கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தப் படியைக் கொஞ்சம் தாழ்த்துவதற்காக.

மீட்டிங்குக்கு முன்னால் உடம்பு

தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறது என்று ஒரு கட்டிங் போட்டால்தான் பல் தேய்க்கவே முடியும் என்கிற நிலையில் இருப்பவர், வீட்டிலேயே ஒரே நாளில் முழுசாக நிறுத்திப் பார்க்கக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், இல்லாத ஆளோடு சண்டை போடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. இது மருத்துவ அவசரம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

ஆகவே இப்படிப்பட்டவர் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய், எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். குவார்ட்டரைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துபோகும். வைட்டமின் பி1 ஊசியும், நடுக்கத்துக்கான மாத்திரைகளும் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் சில நாள் சேர்த்துக்கொள்வார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது அது. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ, போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய எண்ணிலோ, தமிழ்நாட்டில் 104-லோ கேட்கலாம். இந்த அழைப்புகளுக்குக் காசு கிடையாது.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விளம்பரம் செய்யும் பொடிகளும் மாத்திரைகளும் வேண்டவே வேண்டாம். குடியோடு சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்பிரம் என்ற மருந்து ஒன்று உண்டு. விவரம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து அது. உள்ளே இருப்பது தெரியாமல் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே விழலாம். தெரியாமல் கொடுத்த விஷயம் வெளியே வந்தால் அப்புறம் அந்த வீட்டில் யார் கையால் சாப்பிடுவார்?

போன் செய்வது

ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாக எண்கள் இருக்கின்றன. கூகுளில் பொதுவாகத் தேடினால் தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள் முந்திக்கொண்டு வந்து நிற்கும், கவனமாக இருங்கள். ஏஏ வண்டி அனுப்பி யாரையும் தூக்கிக்கொண்டு போகாது, பூட்டி வைக்காது, மாதக் கட்டணம் சொல்லாது. போனில் பேசுகிறவர் பணம் பற்றிப் பேச்செடுத்தால் அது வேறு இடம். அந்த மாதிரி மையத்தில் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இணையத்தில் தேட வராதவர்கள், மேலே சொன்ன மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். ஏஏ உறுப்பினர்கள் பல மருத்துவமனைகளுக்கே வந்து பேசுவது வழக்கம் என்பதால், அங்கிருக்கும் ஆலோசகரிடமோ செவிலியரிடமோ யாராவது ஒருவர் எண் இருக்கும்.

போனை எடுப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் இல்லை, அவரும் ஒரு குடிநோயாளி. கடையில் இருப்பார், பஸ்ஸில் இருப்பார். எடுக்காவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். இவ்வளவு போதும்:

“வணக்கம் சார், எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கு. மீட்டிங்குக்கு வரணும். நான் இந்த ஏரியாவுல இருக்கேன். பக்கத்துல இன்னைக்கோ நாளைக்கோ எங்க நடக்குது?”

பெயர் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பெயர் சொல்லலாம். அவர் கேட்கப்போகும் கேள்வியும் தெரிந்ததுதான்: “இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா?” திட்டுவதற்காகக் கேட்பதில்லை. எந்த நிலையில் பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். பல நேரம் அவர் தன் கதையை இரண்டு வரி சொல்லிவிட்டு, “நீங்க எங்க இறங்குவீங்க? நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்” என்பார். சரி என்று சொல்லிவிடுங்கள். தனியாக வாசல் வரை போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்; ஆள் காத்திருக்கும்போது அப்படித் திரும்ப மனசு வராது.

எந்த மீட்டிங்

பக்கத்தில் நடப்பது, சீக்கிரம் நடப்பது. இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். “நல்ல குரூப்பாகப் பார்த்து அடுத்த வாரம் போகலாம்” என்பது பேசுவது நாமா, நமக்குள் இருக்கும் குடியா என்று சந்தேகப்பட வேண்டிய பேச்சு.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு பிரிவினைதான். ஓப்பன் மீட்டிங் என்றால் யாரும் வரலாம்: மனைவி, அண்ணன், மாணவர்கள், என்னைப் போன்றவர்கள். க்ளோஸ்டு மீட்டிங் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். துணைக்கு ஆள் கூட்டிப் போவதானால் எது என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய ஊர்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக நடக்கும், அதையும் கேளுங்கள். அழுகிற மொழியில் உட்கார்வது நல்லது.

ஊர் தெரிந்த இடத்துக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது, டீச்சர் வேலை, போலீஸ் வேலை என்றால் இரண்டு ஊர் தள்ளிப் போங்கள். தப்பே இல்லை. போன இடத்தில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார். உங்களை அங்கே பார்த்ததாக வெளியில் சொன்னால் தன்னையும் சொல்லிக்கொள்ள வேண்டிவரும்.

ஊரில் மீட்டிங்கே இல்லை, வளைகுடாவில் வேலை, கப்பலில் வேலை என்பவர்களுக்கு ஜூம் மீட்டிங்குகள் இருக்கின்றன. 2020-ல் கொரோனா காலத்தில் பெருகியவை இவை. ஏஏவின் ஆன்லைன் இன்டர்குரூப் பட்டியலில் மொழிவாரியாகத் தேடலாம். உள்ளே நுழையும் முன் ஜூமில் உங்கள் பெயர் எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவை பாருங்கள். அலுவலகக் கணக்கில் நுழைந்தால் முழுப்பெயரும் கம்பெனி பெயரும் சேர்ந்து திரையில் நிற்கும். வாட்ஸ்அப் குழுவிலும் அப்படித்தான்: சேர்ந்த அடுத்த நொடி உங்கள் எண்ணும், குடும்பத்தோடு எடுத்த முகப்புப் படமும் எல்லோர் கையிலும் இருக்கும். யோசித்துச் சேருங்கள், தனித்தனியாக எண் வாங்கிக்கொள்வதே முதல் மாதத்துக்குப் போதும்.

அந்த அறையில்

சர்ச் வளாகத்தின் பின்கட்டு, பள்ளிக்கூட வகுப்பறை, சமுதாயக்கூட மாடி. பெரிய பலகை எதிர்பார்க்காதீர்கள். சில இடங்களில் வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்ன அட்டை தொங்கும். சர்ச்சில் நடப்பதால் இது மதமாற்றக் கூட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. இடத்துக்கு வாடகை கொடுத்து நடத்துகிறார்கள், அவ்வளவுதான். அதே அறையில் திருநீறு பூசியவரும் தொப்பி போட்டவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

பெரும்பாலும் சாயங்காலம்தான் நடக்கும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து கை பரபரக்கும் ஏழு மணிக்கு ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே பாதி வைத்தியம்.

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். சீக்கிரம் போனால் நாற்காலி விரிக்கச் சொல்வார்கள். கைக்கு வேலை இருந்தால் கூச்சம் குறையும். வருகைப் பதிவேடு, கையெழுத்து, ஆதார் எதுவும் கிடையாது. ஒருவர் முன்னால் உட்கார்ந்து மீட்டிங்கைத் தொடங்குவார். ஒரு நிமிட மௌனம், சிறு பிரார்த்தனை, ஏஏ என்றால் என்ன என்ற அறிமுகத்தை ஒருவர் வாசிப்பது, குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளை வாசிப்பது. வாசிப்பு நடக்கும்போது போரடிக்கும்; புதிதாக வந்த எல்லோருக்கும் போரடித்திருக்கிறது.

அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். “என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார்கள், மற்றவர்கள் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். ஒருவர் மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் குடித்ததைச் சொல்வார். இன்னொருவர் பைக்கை எங்கே விட்டோம் என்று தெரியாமல் மூன்று நாள் தேடியதைச் சொல்ல, அறையே சிரிக்கும். இந்தச் சிரிப்புதான் முதல் தடவை வருகிறவர்களை அதிர வைக்கிறது. ஒப்பாரியை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்க முடியாத கதையை இங்கே ஒருவர் சொல்லிச் சிரிக்கிறார், அதைக் கேட்டு முப்பது பேர் தலையாட்டுகிறார்கள்.

உங்கள் முறை வந்தால் பேசலாம். “இன்னைக்கு கேக்க மட்டும் வந்திருக்கேன்” என்றாலும் போதும், அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். குடிநோயாளி என்று சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒருவர் பேசும்போது நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். நீங்களும் சொல்லாதீர்கள். அன்று குடித்திருந்தால்? போகலாம். பெரும்பாலான குழுக்களில் உட்கார விடுவார்கள், பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள் என்பார்கள். சத்தம் போட்டால் ஒருவர் தோளில் கைபோட்டு வெளியே டீ வாங்கித்தரக் கூட்டிப்போவார்.

கடைசியில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் ஆகும் செலவை உறுப்பினர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏவின் கொள்கை. புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. அந்த நிமிடத்தில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து நெளிய வேண்டாம், டப்பாவைப் பக்கத்தவரிடம் தள்ளிவிடுங்கள்.

கடவுள் விஷயம். பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்ற அடைமொழியோடு. கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு இது தொண்டையில் நிற்கும். அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் ஏஏவில் இருக்கிறார்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால், கடவுள் பேச்சே இல்லாத ஸ்மார்ட் ரிகவரி போன்ற அமைப்புகளின் ஆன்லைன் மீட்டிங்குகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. ஆனால் நாள் தவறாமல் நேரில் பார்க்க ஆள் கிடைப்பது ஏஏவில்தான் எளிது என்பது என் எண்ணம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. அறையில் ஒரே பெண்ணாக இருக்க நேரலாம். பெண் குடிக்கிறாள் என்றால் ஊர் பேசுகிற பேச்சே வேறு என்பதால், பலர் வெளியே வருவதில்லை. போன் செய்யும்போதே “பெண் உறுப்பினர் யாராவது பேசுவாங்களா?” என்று கேளுங்கள். பெண்களுக்கான ஆன்லைன் மீட்டிங்குகளும் உள்ளன. வழிகாட்டியாக ஒருவரைப் பிடிக்கும்போது பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதுதான் ஏஏவில் வழக்கம். இதை மீறி ஆர்வமாக உதவ வருகிற ஆணிடம் விலகியே இருங்கள்.

முடிந்து வீட்டுக்குப் போகும் வழி

எட்டரை மணிக்கு மீட்டிங் முடிந்தால் கடை மூட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அழுது, மனசு இளகி, “இனி ஒழுங்காக இருப்பேன்” என்று வெளியே வருகிறவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ஆபத்தானது. உடனே கிளம்பாதீர்கள். வாசலில் நாலைந்து பேர் டீக்கடைக்குப் போவார்கள், கூடப் போங்கள். உள்ளே கேட்க முடியாத கேள்வியெல்லாம் அங்கேதான் கேட்க முடியும்: தூக்கம் எப்போது வரும், கல்யாண வீட்டில் என்ன சொல்லித் தப்பிப்பது, சம்பளத்தை யார் கையில் கொடுப்பது. மூன்று பேரிடமாவது எண் வாங்கிக்கொள்ளுங்கள், அன்றிரவே ஒருவருக்குப் பேசிவிடுங்கள். பேச விஷயம் இல்லாத நாளில் பேசிப் பழகினால்தான், கடை வாசலில் நிற்கும்போது கை அந்த எண்ணைத் தேடும்.

வழக்கமான பாதையில் கடை இருந்தால் கொஞ்ச நாளைக்குச் சுற்றிப் போங்கள். சாப்பிடாமல் மீட்டிங்குக்கு வர வேண்டாம். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் சேரும்போது கவனம் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள். அதில் உடனே சரிசெய்ய முடிந்தது பசிதான். இரண்டு இட்லி போதும்.

அடுத்த மூன்று மாதம்

ஒரு மீட்டிங்கை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஒரு குரூப்பில் வயதானவர்களாக இருப்பார்கள், இன்னொன்றில் ஒரே ஆள் அரை மணி நேரம் பேசுவார். நாலைந்து இடம் போய்ப் பாருங்கள். 90 நாளில் 90 மீட்டிங் என்று ஒரு வழக்கம் உண்டு. அவ்வளவு முடியாவிட்டாலும் முதல் மாதங்களில் வாரம் ஒன்று என்பது குறைவு. நேரில் சிலது, போனில் சிலது என்று கலந்துகொள்ளலாம். பிடித்த ஒன்றை ஹோம் குரூப்பாக வைத்துக்கொண்டு அங்கே ஒரு சின்ன வேலை வாங்கிக்கொள்ளுங்கள். டீ போடுவது, செருப்பு ஒழுங்குபடுத்துவது, எதுவானாலும். வராவிட்டால் தேடுவார்கள்.

அப்புறம் ஸ்பான்சர். பன்னிரண்டு படிகளைத் தான் கடந்து, உங்களையும் கூட்டிக்கொண்டு நடப்பவர். நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள்; போன் எடுக்கிறவரைத் தேடுங்கள். கடன் கேட்காதவராகவும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவராகவும் இருக்கட்டும். மாத்திரை விஷயத்தில் தலையிடுவது உறுப்பினர் வேலை இல்லை என்பதுதான் ஏஏவின் நிலைப்பாடும்.

நடுவில் குடித்துவிட்டால், அங்கே அதை ஸ்லிப் என்பார்கள், மறுநாளே திரும்பிப் போங்கள். முகத்தில் எப்படி முழிப்பது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் அந்த இரண்டு வாரமும் குடியில்தான் போகும். நாள் கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும், யாரும் ஏசமாட்டார்கள். ஒரு வருடம் முடித்தவருக்குக் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடும் அதே அறையில்தான் மூன்றாம் தடவை முதல் நாளுக்கு வந்தவரும் உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏஏவும், ஏஏவோடு இணைக்கும் முறையான சிகிச்சைகளும் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை இல்லை, சிலவற்றில் மேலானவை என்றது. நம் பக்கத்துக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இதை வாசிப்பது மனைவியோ அம்மாவோ தங்கையோ ஆக இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. நீங்கள் ஏஏவுக்குப் போன் செய்தால், “அவர் பேசுவாரா?” என்பதுதான் பதிலாக வரும். அவர் சரி என்றால் இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்கே வந்து பேசக்கூடும். வேண்டாம் என்றால் இழுத்துப் போக மாட்டார்கள். அவர் போதையில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மறுநாள் காலை, குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, எண்ணை எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடி, உதை என்றால் காத்திருக்க வேண்டாம், பெண்களுக்கான 181 எண் இருக்கிறது.

குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951-ல் இருந்து இயங்குகிறது. அங்கே கணவரை எப்படித் திருத்துவது என்று சொல்லித்தர மாட்டார்கள். அவர் குடிக்கு நீங்கள் காரணம் இல்லை, அதைக் கட்டுப்படுத்த உங்களால் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பதில் தொடங்கி, பாட்டிலை ஒளித்து வைப்பதையும் கடன்காரனுக்குப் பொய் சொல்வதையும் விட்டுவிட்டு நீங்கள் எப்படித் தூங்குவது என்பதைப் பேசுவார்கள். அவர் ஏஏவுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஏஏ எண்ணில் கேட்டால் பக்கத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அல்-அனான் நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.